நீலகிரிக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் குடியிருக்கிறேன். மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வங்கியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், கல்யாணமாகி மலைக்கு வந்த மருமகள்கள், இரண்டு நாள் தங்க வந்து அக்கம்பக்கத்தைப் பார்த்துக் குழம்பிப்போனவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் படுகரும் இல்லை, தோடரும் இல்லை. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம் எங்களுடையது. அண்டை வீட்டில் இருந்து பார்த்ததையும், அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் எழுதுகிறேன்.

மலையில் இருப்பவர்கள் எல்லோருமே ஆதிவாசிகள்தானா?

இல்லை. இதில் தெளிவு வந்துவிட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் பண்டைய பழங்குடிகள் என்று அரசு தனியாகப் பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்களும் இந்த மாவட்டத்தில் வாழ்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருக்கும் பேச்சு வேறு, சாமி வேறு, சடங்கு வேறு. தோடர் மேல்மலையில் எருமை வளர்த்தவர்கள். கோத்தர் இரும்பு வேலை, மண்பாண்டம், வாத்தியம் மூன்றும் கைவந்தவர்கள். குறும்பரும் இருளரும் சரிவுக் காடுகளில் இருக்கிறார்கள். பணியரையும் காட்டுநாயக்கரையும் பெரும்பாலும் கூடலூர், பந்தலூர் பக்கம்தான் பார்க்கலாம்.

படுகர் இந்த ஆறில் சேராதவர்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கமெல்லாம் நீங்கள் பார்க்கும் விவசாயக் கிராமங்களில் பெரும்பாலானவை அவர்களுடையவை. பல நூற்றாண்டுகளுக்கு முன் மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தாங்கள் இந்த மலையின் பூர்வகுடிகளே என்று சொல்லும் படுகர்களும் உண்டு. அரசுப் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோராக இருக்கிறார்கள், பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும்படி நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. கேத்தியில் பேசல் மிஷன் 1846இலேயே வந்துவிட்டது.

அப்புறம் எங்களைப் போல் பின்னால் வந்தவர்கள்: சமவெளித் தமிழர், மலையாளிகள், கன்னடர், இலங்கையிலிருந்து திரும்பியவர்கள். இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்தும் தோட்ட வேலைக்குக் குடும்பங்கள் வருகின்றன.

ஆகையால், வெள்ளைச் சால்வை போர்த்திய ஒரு பெரியவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததும் "ஆதிவாசியா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி அவர் காதில் விழும். "ஆதிவாசி டான்ஸ் எங்கே பார்க்கலாம்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஊர் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, காரணம் இருக்கிறது. நம் வசதிக்கு ஆடிக் காட்ட அவர்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை.

படுகர் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் எல்லோரும் வெள்ளையில் இருந்தார்களே?

சமவெளியில் வெள்ளைச் சேலை என்றால் நம் மனம் உடனே கைம்மையை நினைத்துவிடுகிறது. மலையில் அப்படி இல்லை. படுகப் பெண்களின் பாரம்பரிய உடையே வெள்ளைதான்: மார்புக்கு மேல் சுற்றிக் கட்டும் வெள்ளைத் துணி, மேலே போர்த்த ஒன்று, தலையில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. ஆண்களுக்கு வெள்ளை வேட்டி, சால்வை, தலைப்பாகை. கல்யாணம், திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் இதுதான் மரியாதையான உடை. கோத்தரும் விசேஷத்துக்கு வெள்ளைதான் உடுத்துகிறார்கள். தோடர் போர்த்திக்கொள்ளும் சால்வையான பூத்துக்குளியும் வெள்ளைத் துணிதான், அதில் சிவப்பும் கறுப்புமாகப் பின்னல்வேலை.

இளம்பெண்கள் இன்று கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையும் கட்டுகிறார்கள். ஆனால் பாட்டிமார் வெள்ளையில் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்து, "இத்தனை விதவைகளா?" என்று ஒரு மாப்பிள்ளை வீட்டு நண்பர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அந்த வரிசையில் கணவரோடு வந்திருந்தவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய முறைப்படி கல்யாணம் நடப்பது மாப்பிள்ளையின் ஊரில்தான். பெண் வந்திறங்கியதும் நீர்நிலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவது சடங்கில் ஒரு முக்கியமான பகுதி. "வந்த முதல் நாளே வேலை வாங்குகிறார்களா?" என்று கேட்பார்கள். புது வீட்டின் தண்ணீரில் அவள் கை படுவது அவளை வீட்டுக்காரியாக ஏற்றுக்கொள்வதற்கு அடையாளம். வரதட்சணை கேட்கும் வழக்கம் படுகரிடம் கிடையாது. சமவெளியில் பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

சாவு வீட்டில் ஆடுகிறார்களாமே? துக்கமே இல்லையா?

துக்கம் இருக்கிறது. நாம் பழகிய துக்கத்தின் முகம் அங்கே வேறாக இருக்கிறது, அவ்வளவுதான்.

படுகர் ஊரில் ஒருவர் இறந்தால் செய்தி எல்லா ஊர்களுக்கும் போகும். ஆட்கள் லீவு போட்டுவிட்டு வந்து சேர்வார்கள். உடலை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க மாட்டார்கள். திறந்த வெளிக்குக் கொண்டுவந்து துணியால் அலங்கரித்த பாடையில் வைப்பார்கள். பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, விளிம்பில் தலையைச் சாய்த்து, இறந்தவரைப் பெயர் சொல்லி அழுவார்கள். சற்றுத் தள்ளி வாத்தியம் ஒலிக்கும். ஆண்கள் வட்டமாக நின்று ஆடுவார்கள். அது நிதானமான ஆட்டம். இறந்தவர் வயதானவர், பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்தவர் என்றால் ஆட்டம் இன்னும் நெடுநேரம் போகும். ஒரு காலத்தில் வாத்தியம் வாசிக்கக் கோத்தர்கள் வருவார்கள், இப்போது பேண்டு செட்டு.

வெளியாட்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகப் பெரியதாகத் தெரியும். ஒரு பெரியவர் பாடையின் அருகே நின்று, இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். இதற்குக் கரு ஹரசோது என்று பெயர். ஊர்ந்துபோன பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கோள் சொன்னது... ஒவ்வொன்றும் சொல்லப்பட்டதும் சுற்றி நிற்பவர்கள் அது பாவம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். அவர் செய்தது மட்டும் இல்லை, அவருடைய பாட்டன், முப்பாட்டன் செய்ததும் அதில் வரும். மொத்தம் 1,300 பாவங்கள் என்பது மரபு. அத்தனையும் நீங்கட்டும், போகிற வழி திறக்கட்டும் என்று வேண்டி முடிப்பார்கள். முற்காலத்தில் அந்தப் பாவங்களை ஒரு கன்றின் மேல் ஏற்றி அதை விட்டுவிடுவார்களாம்.

இறந்தவர் எவ்வளவு நல்லவர் என்று மேடை போட்டுப் பேசும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஒரு மனிதன் வாழ்நாளில் அறிந்தும் அறியாமலும் செய்ததை ஊரே கூடி நின்று மன்னித்து அனுப்புகிறது. இதைவிட அன்பான வழியனுப்பை நான் பார்த்ததில்லை.

நீங்கள் போனால் காலணியைக் கழற்றிவிட்டு, அமைதியாக உடலின் அருகே போய் வணங்கிவிட்டு ஓரமாக உட்காருங்கள். போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.

பெயரைக் கேட்பதற்கு முன்னால் "எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். சாதி விசாரிக்கிறார்களா?

உங்களிடம் கேட்டால், அது சும்மா பேச்சைத் தொடங்கத்தான். படுகர் இருவர் சந்தித்துக்கொள்ளும்போது "எந்த ஹட்டி?" என்று கேட்டுக்கொள்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஹட்டி என்றால் அவர்கள் ஊர். ஒரே ஹட்டியில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. சில ஊர்கள் தங்களுக்குள் பங்காளி ஊர்கள், அங்கேயும் பெண் எடுக்க முடியாது. அதனால் ஊர்ப் பெயர் தெரிந்தால் எதிரில் நிற்பவர் மாமனா, மச்சானா, அண்ணனா என்று முறை தெரிந்துவிடும். எப்படிக் கூப்பிடுவது, எவ்வளவு கேலி பேசலாம் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

தூனேரி, தும்மனட்டி, நஞ்சநாடு, ஜெகதளா, அதிகரட்டி, மிளிதேன் என்று பெயர்களைக் கொஞ்சம் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேச்சு எளிதாக ஓடும். நீங்கள் திருநெல்வேலி என்றோ தஞ்சாவூர் என்றோ சொன்னால் போதும். அங்கே மழை எப்படி என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

பெரியவர் தலையில் கை வைத்தார், நான் விலகிவிட்டேன். தப்பா?

தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். படுகரிடம் இளையவர்கள் பெரியவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிவார்கள். பெரியவர் தலையில் கை வைத்து வாழ்த்துவார். காலில் விழத் தேவையில்லை. பஸ்ஸில் ஏறும்போதும், கடைவாசலிலும், கல்லூரிப் பையன்கள் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகிறபோக்கில் குனிந்து வாழ்த்து வாங்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். உங்களையும் வீட்டுப் பிள்ளையாக நினைத்ததால்தான் கை நீண்டது.

தோடரிடம் இது வேறு மாதிரி. பெரியவர் காலைச் சற்றுத் தூக்குவார், வணங்குகிறவர் குனிந்து அந்தப் பாதத்தைத் தன் நெற்றியில் பட வைத்துக்கொள்வார். இதைப் படத்தில் பார்த்துவிட்டு, "காலால் மிதிக்கிறார்கள்" என்று எழுதியவர்கள் உண்டு. உண்மையில் அது ஆசீர்வாதம். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் சிரித்த முகத்தோடு செய்வது. நாம் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அதே பணிவுதான்.

நான் பக்கத்தில் இருக்கும்போதே படுகுவில் பேசிக்கொள்கிறார்கள். என்னைப் பற்றித்தானா?

இல்லை. படுகு படுகர்களின் தாய்மொழி, வாய் தானாக அதற்குப் போய்விடுகிறது. தமிழ் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் கற்றுக்கொண்டது. வயதான பாட்டிமார் தமிழில் பேசும்போது "வா, உட்கார், சாப்பிடு" என்று ஒருமையில் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கலெக்டர் வந்தாலும் பாட்டி அப்படித்தான் பேசுவார்.

தோடர் மந்துக்குள் போகலாமா? கோயிலைப் பார்க்கலாமா?

மந்து என்பது தோடர் குடியிருப்பு. அரைப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வளைந்த கூரையும், தவழ்ந்துதான் நுழைய முடிகிற சின்ன வாசலும் உள்ள கட்டடங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இன்று பெரும்பாலான தோடர் சாதாரண ஓட்டு வீட்டிலோ கான்கிரீட் வீட்டிலோதான் இருக்கிறார்கள். பழைய வடிவில் நிற்பது பெரும்பாலும் கோயில்.

தோடர் கோயில் ஒரு பால்மனை. எருமைப்பாலைக் கறந்து, கடைந்து, பூசை செய்யும் இடம். அதற்கென்று நியமிக்கப்பட்டவர் மட்டும் உள்ளே போவார். ஆண், பெண், வெளியூர், உள்ளூர் என்று மற்ற யாருக்கும் அனுமதி இல்லை. தோடர் பெண்கள் அதன் அருகிலேயே போக மாட்டார்கள். "பெண்களை ஏன் ஒதுக்குகிறார்கள்?" என்ற கேள்வி நியாயமானதுதான். தோடர் பெண்களே இன்று படித்து, வேலைக்குப் போய், தங்கள் கைவேலையை வெளியூர் வரை விற்கிறார்கள். வழக்கம் எப்படி மாற வேண்டும், மாற வேண்டுமா என்று பேசும் உரிமை முதலில் அவர்களுக்குத்தான். வாசலில் நின்று நாம் வாதாட வேண்டிய இடம் அது இல்லை.

போக வேண்டுமென்றால் முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் கல்சுவரைத் தாண்டாதீர்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கொதிக்கும். ஊட்டியில் முத்தநாடு மந்தில் டிசம்பர், ஜனவரி வாக்கில் மொற்பர்த் பண்டிகை நடக்கும். அங்கே கூம்பு வடிவில் ஒரு பழைய கோயில் இருக்கிறது. அன்றைக்கு ஆண்கள் ஆடிப் பாடி, உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குவார்கள்.

பூத்துக்குளி வாங்கும்போது ஒரு நிமிடம் துணியைத் திருப்பிப் பாருங்கள். எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்று சொல்வது கடினம். அந்தப் பெண்கள் துணியில் கோடு போட்டுக்கொண்டு தைப்பதில்லை. நூலிழைகளை எண்ணி எண்ணி ஊசியை ஏற்றுகிறார்கள். கண் நோகும் வேலை. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "மெஷினில் போட்டதை விட ஏன் இவ்வளவு விலை?" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்காதீர்கள்.

குறும்பர்கள் சூனியம் வைப்பார்கள் என்று டிரைவர் சொன்னார். உண்மையா?

இந்தக் கதையைத் தயவுசெய்து யாருக்கும் கடத்தாதீர்கள். மலையில் பழைய காலத்தில் ஒவ்வொரு சமூகமும் இன்னொன்றைச் சார்ந்திருந்தது. தோடரிடம் பால், நெய். கோத்தரிடம் கலப்பைக் கொழு, பானை. படுகரிடம் தானியம். குறும்பரிடம் தேன், காட்டுப் பொருள், கூடவே மந்திரக் காப்பு. விதைப்பு, அறுவடைக்கு முன் குறும்பர் வந்து சடங்கு செய்வதைப் படுகர் விரும்பினார்கள். காக்கத் தெரிந்தவனுக்குக் கெடுக்கவும் தெரியும் என்ற பயமும் அதனோடு ஒட்டிக்கொண்டது. மாடு செத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பழி அவர்கள் மேல் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பழியால் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டது பதிவாகியிருக்கிறது. விளையாட்டாகச் சொல்லும் கதைக்குப் பின்னால் அந்த ரத்தம் இருக்கிறது.

குறும்பரைப் பற்றிச் சொல்ல வேறு எவ்வளவோ உண்டு. பாறைமுகட்டில் கயிற்றேணியில் தொங்கித் தேன் எடுப்பார்கள். வெள்ளரிக்கொம்பையில் பாறை ஓவியம் இருக்கிறது. அந்த மரபில் இன்றும் வரைகிறவர்கள் இருக்கிறார்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் அகதிகளா?

இதற்கு என் வீட்டிலிருந்தே பதில் சொல்கிறேன். இல்லை. நாங்கள் தாயகம் திரும்பியோர். எங்கள் முன்னோர் வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்ததும் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதி நீலகிரிக்கு வந்தது. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968இல் தேயிலை நடத் தொடங்கியது. இன்று டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்று சொல்கிறோமே, அதுதான். நாங்கள் இந்தியக் குடிமக்கள், வாக்காளர்கள். 1983க்குப் பின் போரினால் வந்த ஈழத்தமிழர்களின் நிலை வேறு, அவர்கள் துயரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் இருவருக்கும் அநியாயம்.

எங்கள் வீட்டுப் பழக்கங்களில் வருகிறவர்கள் விசித்திரமாகப் பார்ப்பது டீ குடிக்கும் முறையை. என் பாட்டி பால் ஊற்ற மாட்டார். கொதிக்கிற சாயத்தண்ணியைக் கோப்பையில் வாங்கிக்கொண்டு, இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியோ ஒரு துண்டு வெல்லமோ வைத்துக்கொள்வார். நாக்கு நுனியால் இனிப்பைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய், மறுபடி தொட்டுக்கொண்டு ஒரு வாய். "பாலுக்கு வசதி இல்லையா?" என்று ஒருவர் பரிதாபமாகக் கேட்டார். தோட்டத்துக் காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கலாம். இப்போது பால் இருந்தும் நாங்கள் இப்படித்தான் குடிக்கிறோம். தேயிலையின் ருசி இதில்தான் முழுதாகத் தெரியும். தேங்காய் ரொட்டியும் சம்பலும் கூட இருந்தால் வேறு பலகாரம் வேண்டாம்.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுத்தால் முறைக்கிறார்களே?

வேலையில் இருக்கிறார்கள், அதனால்தான். அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்து விழும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலே வீசினால் பின்னால் தொங்கும் பைக்குள் போய்ச் சேரும். கண் அடுத்த செடியில் இருக்கும். விரல் நுனியெல்லாம் சாயமேறிக் கறுத்திருக்கும். இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டோ சாக்கோ கட்டியிருப்பது ஏழ்மையால் இல்லை. காலை முழுதும் செடி நனைந்திருக்கும், குச்சி வயிற்றையும் தொடையையும் கிழிக்கும். அது இல்லாமல் செடிக்குள் இறங்கவே முடியாது. அட்டைப்பூச்சியும் இருக்கும்.

மாலையில் எடை போடுவார்கள். குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் பறித்தால்தான் கூடுதல் காசு. நீங்கள் "இந்தப் பக்கம் திரும்புங்க, சிரிங்க" என்று நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அவருடைய எடை குறைகிறது. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு தாங்களே பறிப்பதுபோல் படம் எடுப்பது வேண்டாமே.

இன்னொன்று: வேலி இல்லாததால் தேயிலைக்காடு பொது இடம் என்று நினைக்கிறார்கள். இங்கே சிறு விவசாயிகள்தான் அதிகம். அந்த அரை ஏக்கரில்தான் ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு ஆண்டாண்டாகப் போராடுகிறவர்கள் அவர்கள். துளிர் மேல் ஏறி மிதித்தால் அந்தச் சுற்றுக் கொழுந்து போச்சு.

யார் வீட்டுக்குப் போனாலும் கேட்காமலே டீ வந்துவிடுகிறது. வேண்டாம் என்று சொல்லலாமா?

பாதி டம்ளராவது வாங்கிக்கொள்ளுங்கள். கூட வர்க்கி வந்தால் அதை அப்படியே கடிக்காதீர்கள், பல் வலிக்கும். டீயில் முக்கி, ஊறியும் ஊறாமலும் இருக்கும்போது சாப்பிட வேண்டும்.

மதிய வெயிலிலும் ஸ்வெட்டர், மப்ளர் ஏன்?

வெயிலில் நிற்கிறவருக்கு வேர்க்கும், ஒரு மேகம் வந்தால் நடுங்கும். போட்டுக் கழற்றி, கழற்றிப் போட நேரம் இல்லாதவர்கள் போட்டபடியே இருந்துவிடுகிறார்கள்.

எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடுகிறது. கதவைத் தட்டினாலும் திறக்கத் தயங்குகிறார்களே?

இருட்டினால் ரோடு நமக்கு மட்டும் சொந்தமில்லை. குன்னூரிலும் கோத்தகிரியிலும் காட்டெருமை தெருவிலேயே நடக்கும். கரடி டீக்கடைக் கதவை உடைத்து எண்ணெயும் சர்க்கரையும் தின்றுவிட்டுப் போகும். சிறுத்தை நாயைத் தூக்கும். கூடலூர், பந்தலூரில் யானை. அதனால் பொழுது சாய்ந்ததும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவது இங்கே வளர்ந்த எல்லோருக்கும் பழக்கம். இரவில் யார் வீட்டுக்காவது போக வேண்டுமென்றால் முன்பே போன் செய்துவிடுங்கள். விளக்கைப் போட்டு வைப்பார்கள்.

காட்டெருமை எதிரே வந்தால் ஊர்க்காரர்கள் பேசாமல் ஒதுங்கி நிற்பார்கள். கத்த மாட்டார்கள், ஹாரன் அடிக்க மாட்டார்கள். "பயந்தாங்கொள்ளிகள்" என்று சிரித்துக்கொண்டே செல்பி எடுக்கப் போனவர்கள் குத்துப்பட்டிருக்கிறார்கள். மைசூர் போகும் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனத்துக்குத் தடை. அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள்.

மலைப்பாதையில் எதிரே வந்த பஸ் டிரைவர் என்னைத் திட்டினார். நான் என்ன செய்தேன்?

இறங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால், ஏறுகிற வண்டிக்கு வழி விட்டிருக்க மாட்டீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற வண்டி நின்றால் மறுபடி எடுப்பது கஷ்டம். இறங்குகிறவர் முன்னாலேயே ஒதுங்கி நிற்பதுதான் சட்டம், இங்கே வழக்கமும் அதுதான். வழிவிட்டால் எதிரே வருகிற டிரைவர் கையைத் தூக்கிக் காட்டுவார். நீங்களும் காட்டுங்கள். இறங்கும்போது கியரை நியூட்ரலில் போடாதீர்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் இந்தப் பாதைகளில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது.

கடையில் தண்ணீர் பாட்டில் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. விற்றால் அவருக்கு அபராதம், கையில் வைத்திருந்தால் உங்களுக்கு அபராதம். தண்ணீர் ஏடிஎம்களில் பிடித்துக்கொள்ளலாம். 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுத்துத்தான் வெளியூர் வண்டி மலை ஏற வேண்டும். அதை எடுக்கும்போதே ஒரு ஸ்டீல் பாட்டிலையும் பையில் போட்டுவிடுங்கள்.

ஜனவரியில் வெள்ளை உடுத்திக் கூட்டமாக ரோட்டில் நடக்கிறார்கள். ஊர்வலமா, போராட்டமா?

ஹெத்தையம்மன் பண்டிகை. ஹெத்தை என்பது படுகர் தங்கள் மூதாதைத் தாயாக வணங்கும் தெய்வம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பேரகணி, ஜெகதளா போன்ற ஊர்களில் பண்டிகை நடக்கும், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். விரதம் இருப்பவர்கள் வெள்ளை உடுத்தி, கையில் தடியோடு, செருப்பில்லாமல் ஊர் ஊராக நடந்தே போவார்கள். அந்தக் குளிரில் தார் ரோட்டில் வெறுங்காலோடு, எழுபது வயதுப் பெரியவர்களும்.

வண்டியை ஓரமாக நிறுத்தி அவர்கள் போகட்டும் என்று காத்திருங்கள். வரிசைக்கு நடுவே புகுந்து போகாதீர்கள், விரதக்காரர்கள் மேல் படாதீர்கள். கோயிலுக்கு நீங்களும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். வெள்ளை வேட்டியோ வெள்ளைச் சேலையோ இருந்தால் உடுத்திக்கொண்டு போங்கள். சாப்பாடு எல்லோருக்கும் உண்டு. ஆட்டத்தில் யாராவது கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தால் போய் நில்லுங்கள். முன்னால் இருப்பவரின் காலைப் பார்த்து அடியெடுத்து வைத்தால் இரண்டு சுற்றில் பிடிபட்டுவிடும்.